என் மகளுக்குக் கேட்ட தப்புச் சத்தம்

அம்மன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். பெரகலச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சந்திரசேகரன் எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. மீதிப் பேருக்கு இதை வாசித்த பிறகு பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. அம்மன் எனக்குச் செய்ததை மறைக்காமல் எழுதுவேன் என்று அவள் சன்னிதியில் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பிள்ளை, சஞ்சனா. வயது ஒன்பது. பிறவியிலேயே அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. ஒரு வயது தாண்டியும் கதவை அடித்துச் சாத்தினால்கூடத் திரும்பிப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பயந்தோம். பதுளைக்குக் கொண்டுபோனோம். கண்டிக்குக் கொண்டுபோனோம். காது நரம்பில் குறை, மெஷின் போட்டாலும் பெரிய பயன் இருக்காது என்று டொக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். நான் அவரிடமும் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல். அம்மா, என் பிள்ளைக்குக் காது கொடு. கதிர்காமத்துக்கு நடந்து போனேன். மொட்டை போட்டேன். தீ மிதித்தேன். செவ்வாய், வெள்ளி தவறியதில்லை. வருஷங்கள் போயின. காது வரவில்லை. என் வேண்டுதல் மெல்ல மெல்ல வசவாக மாறியது. "காதில்லாத புள்ளைய ஏன் கடையில வச்சிருக்கே, ராசி இல்லையே" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னபோது, அவர் வாங்கிய சீனியையும் பருப்பையும் ரோட்டில் கொட்டினேன். ஊரில் யார் சிரித்தாலும் என் பிள்ளையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பல தடவை அது உண்மையாகவும் இருந்தது.

சஞ்சனாவை ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு சாதாரணத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். ரேணுகா டீச்சர்தான் பிடிவாதமாகச் சேர்த்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளம்பெண். சஞ்சனாவை முன்வரிசையில் உட்கார வைத்து, உதட்டைக் காட்டிக் காட்டிப் படிப்பித்தார். விளையாட்டுக்குப் பொறுப்பும் அவருக்குத்தான்.

சஞ்சனாவுக்கு ஓடுவது என்றால் உயிர். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்குவாள். ஆனால் போன வருஷம், பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்தும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் என்ன நடந்தது? விசில் ஊதினார்கள். மற்றப் பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். இவள் கோட்டிலேயே நின்று, கூட்டத்தில் இருந்த தன் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஓடினாள். அப்படியும் இரண்டு பேரைப் பிடித்துவிட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், "அதுக்கு நேத்தே விசில் ஊதியிருக்கணும்" என்று சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பிரித்துவிடுவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. அன்று முழுவதும் சஞ்சனா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

இந்த வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரேணுகா டீச்சர் ஒரு வழி சொன்னார். "விசில் ஊதுற நேரம் நான் பக்கத்துல நின்னு அவ தோளத் தட்டுறேங்க." பெற்றோர் கூட்டத்தில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. டீச்சர் விசிலுக்கு முந்தித் தட்டினால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் எழும்பினார். ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகையா என்று இன்னொருவர். கொடி காட்டிப் பார்த்தார்கள். தை, மாசியில் எங்கள் பக்கத்து மிஸ்ட், அந்த மூடுபனி, உங்களுக்குத் தெரியும். பத்தடிக்கு அப்பால் கொடியும் இல்லை, டீச்சரும் இல்லை.

கடைசியில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை ஓட வேணாம். பிரதம விருந்தினர் பக்கத்துல ஒரு கதிரை போடுறோம். முடிவுல அவளுக்கும் ஒரு பரிசு குடுக்குறோம். உங்களுக்கும் கோபம் வராது, எங்களுக்கும் பிரச்சினை இல்ல."

ஓடாத பிள்ளைக்குப் பரிசு. நான் அதிபரிடம் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குருக்கள் இன்னும் வரவில்லை. அம்மனுக்கும் எனக்கும் நடுவில் பூட்டிய கம்பிக் கதவு மட்டும்தான். நான் கும்பிடவில்லை. திட்டினேன்.

"இத்தன வருஷம் கேட்டேன், நீ வாயே தொறக்கல. உனக்குத்தான் காது கேக்கலியா? இவளுக்குக் காது குடுக்க முடியாட்டி வுடு. அந்த ஒரு நாள், அந்த ஒரு ஓட்டத்துல மட்டும், மத்தப் புள்ளைங்களோட சேந்து காலெடுத்து வைக்க வை. அதுவும் முடியாட்டி இனி உன் வாசல மிதிக்க மாட்டேன். இது கடைசி."

சூடம்கூடக் கொளுத்தவில்லை. சஞ்சனா என் வாய் அசைவதைப் பார்த்து, நான் பாட்டுப் பாடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

தோட்டத்துத் திருப்பத்தில் ரோடு அடைத்துக்கொண்டு ஒரு சாவு ஊர்வலம். முன்னால் தப்பு அடித்துக்கொண்டு மருதை வந்தார். தப்பு என்பது எங்கள் தோட்டங்களில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிக்கிற வட்டத் தோல் மேளம். நெருப்பில் காய்ச்சி அடித்தால் நெஞ்சுக்குள் இடிக்கும்.

மருதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. மருதையின் அப்பா காலத்திலிருந்து நம் அம்மன் திருவிழாவுக்கு அவர்கள் குடும்பம்தான் தப்பு அடித்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதை நிறுத்தியது நான். கோயில் குழுக் கூட்டத்தில் எழும்பி நின்று, "சாவு வீட்டுல அடிக்கிற மோளம் சாமிக்கு எதுக்கு? பதுளையில இருந்து நல்ல மேளம் கூப்பிடுவோம்" என்று சொன்னேன். காரணம் மேளம் இல்லை. ஆட்கள். அவர்கள் நம்மோடு சமமாகக் கோயில் மண்டபத்துக்குள் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதைக் குழுவில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த ஆடித் திருவிழாவுக்கு மருதை வழக்கம்போலத் தப்போடு வந்து வாசலில் நின்றார். நான்தான் போய், "தேவையில்ல, போ" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர்.

அப்படிப்பட்ட நான் ஓட்டோவுக்குள் உட்கார்ந்து, சகுனம் கெட்டுவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பிள்ளையைக் காணவில்லை.

சஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் நின்றாள். மருதைக்கு மூன்றடி தூரத்தில். உள்ளங்கையை நெஞ்சில் வைத்திருந்தாள். தப்பு விழ விழ அவள் கால் விழுந்தது. மருதை அதைக் கவனித்துவிட்டு அடியை நிறுத்தினார். அவள் கால் நின்றது. அடித்தார். கால் எழும்பியது. அவளுக்கு முதுகுப் பக்கமாகப் போய் நின்று, அவள் பார்க்காதபோது ஒரு அடி அடித்தார். பிள்ளை குதித்தது. குதித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தது.

நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். "அறிவில்லியா உனக்கு, சாவு ஊர்வலத்துல புள்ளைய வச்சு வெளாட்டுக் காட்டுறே?" என்று மருதையைத் திட்டினேன். அவர் தப்பை அடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்துவிட்டார். சஞ்சனா வீடு வரும்வரை என் தோளில் அடித்து அடித்து அழுதாள்.

நடந்ததை என் மனைவி புஷ்பத்திடம் சொன்னேன். மருதையைப் பற்றிக் குற்றம் சொல்வதற்காகத்தான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"ஏங்க, கோயில்ல என்னா கேட்டீங்க?"

சொன்னேன்.

"கேட்டு எவ்வளவு நேரத்துல இது நடந்திச்சு?"

"அரை மணி இருக்கும்."

"அரை மணியில அவ குடுத்துட்டா. நீங்க அதைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிட்டு வந்திருக்கீங்க." இதைச் சொல்லும்போது அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. "போய்ப் பொறுக்கிட்டு வாங்க."

அன்று முழுவதும் நான் அம்மனிடம் கோபித்துக்கொண்டேன். உதவி அனுப்ப வேறு ஆள் கிடைக்கவில்லையா? ஊரில் எத்தனை பேர்! நான் வாசலில் நிறுத்தித் துரத்திய ஆள்தானா?

ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்து வரிசை வீடுகளில் மருதை குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. மருதை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டும் கோடரியை வைக்கவில்லை.

"என்ன மொதலாளி, உங்க வூட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் தகுதியான ஆள்தான். "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றேன். அவர் மனைவி கதவுக்குள்ளிருந்து, "எங்க வூட்டுத் தண்ணி நீங்க குடிக்க மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் வரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விசில், தோளைத் தட்டுவது, கொடி, கதிரை. மருதை கேட்டுக்கொண்டே இன்னும் நாலு கட்டை பிளந்தார்.

"அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல கேக்குது" என்றார் கடைசியில். "நான் பாத்தேன். நீங்கதான் பாக்கல."

"அண்ணே, நீங்க வந்து அடிச்சா அவ ஓடுவா."

அண்ணே என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷமான பார்வை இல்லை.

"நீங்க கூப்பிட்டு நான் வரமாட்டேன். டீச்சர் வந்து கூப்பிடட்டும். இன்னொண்ணு. அங்க எவனாச்சும் சாவு மோளம்னு சொல்லுவான். நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அந்தப் பேச்ச ஊருல கெளப்பி வுட்டது நீங்க."

ரேணுகா டீச்சரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே சத்தம்ங்க. சலுகைன்னு யாரும் சொல்ல முடியாது." அன்றே லயத்துக்குப் போய் மருதையை அழைத்தார். அதிபர் அரை மனதோடு சம்மதித்தார். அதுவும் சஞ்சனா படிக்கும் நாலாம் வகுப்பு ஓட்டத்துக்கு மட்டும். சண்டை வந்தால் உடனே விசில்தான் என்று எச்சரித்தார்.

மருதை வேலை முடிந்து வந்து பழக்கினார். இரண்டு அடி விழுந்தால் தயாராக வேண்டும். பிறகு நிறுத்தம். மூன்றாவது அடிக்கு ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. பெரியவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. என் கடைக்கு முன்னாலேயே வந்து, "இவன் புள்ளைக்காக நம்ம புள்ளைங்கள சாவு மோளத்துக்கு ஓட வைக்கப் போறானாம்" என்று பேசிவிட்டுப் போனார்கள்.

போட்டி நாள் வந்தது. விடிந்ததிலிருந்து தூறல். மைதானம் முழுவதும் மிஸ்ட். ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிட்டது. மருதை விரலால் தட்டிப் பார்த்தார். ஈரச் சாக்கில் அடித்தது மாதிரி ஒரு சத்தம். காய்ச்சாமல் முடியாது. மைதானத்தில் நெருப்பு மூட்டக்கூடாது என்று அதிபர் மறுத்தார். ரேணுகா டீச்சர் அவரோடு வாதாடி, வேலி ஓரத்தில் சின்னதாக மூட்ட அனுமதி வாங்கினார். விறகெல்லாம் ஈரம். நான் கடைக்கு ஓடி, பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தேன். முழங்காலில் உட்கார்ந்து அட்டையைக் கிழித்துக் கிழித்து நெருப்பில் போட்டேன். மருதை தப்பை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஊரே பார்த்தது. மருதைக்கு நெருப்பு ஊதிக் கொடுக்கிறான் சந்திரசேகரன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டில் நின்றபோது, கோயில் குழுவில் என்னோடு இருக்கும் துரைராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மகனும் ஓடுகிறான்.

"நிப்பாட்டுங்க! சாவு மோளத்துக்கு எம்புள்ள ஓட மாட்டான்." மகனின் கையைப் பிடித்து இழுத்தார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். அதிபர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

மருதை என்னைப் பார்த்தார்.

என் கையெல்லாம் கரி. நடுவில் போய் நின்றேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அதனால் சண்டை போடுகிற மாதிரியேதான் சொன்னேன்.

"அந்த வார்த்தையச் சொன்னது நான்தான். இந்த ஊருல மொத மொத சொன்னது நான். அம்மன் தேரு நகர்றதுக்கு இதே தப்புதான் அடிச்சாங்க, உங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது பிழை. இந்த மனுசன வாசல்ல வச்சுத் தொரத்துனேன். அதுவும் பிழை."

துரைராஜ் விடவில்லை. "உம்புள்ளைக்குத் தேவைன்னு வந்ததும் நியாயம் பேசுறியா?"

"ஆமா. எம்புள்ளைக்குத் தேவைன்னு வந்ததாலதான் பேசுறேன். இல்லாட்டி எனக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. உனக்கு எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

அவர் என்னை அடிக்க வந்தார். ரேணுகா டீச்சர் குறுக்கே நின்றார். இந்தச் சத்தத்துக்கு நடுவில் துரைராஜின் மகன் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கோட்டில் நின்றுகொண்டான். பிள்ளைகளுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு பிள்ளையும் போனது. மற்ற இரண்டு பேரும் வரவில்லை. அதிபர் விசிலைப் பைக்குள் போட்டார்.

மருதை பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், சரி நடுவில் நின்றார். சஞ்சனா வெறுங்காலோடு, காவேரி இல்லத்துப் பச்சைச் சட்டையில், முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு அடி. இரண்டு. நிறுத்தம்.

அம்மா, அம்மா என்று என் வாய் மட்டும் அசைந்தது.

மூன்றாவது அடி. ஆறு பிள்ளைகளின் காலும் ஒன்றாக மண்ணைவிட்டுக் கிளம்பியது. ஆறு பேரும் ஒன்றாக! மிஸ்டுக்குள் புகுந்துவிட்டார்கள். புஷ்பம் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். சஞ்சனா மூன்றாவதாக வந்தாள். முதலாவதாக வந்தது துரைராஜின் மகன். அதை எழுதாமல் விட்டால் அம்மன் என்னைக் கேட்பாள்.

ஓட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வரவில்லை. நேரே மருதையிடம் ஓடினாள். தப்பின் தோலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, விடமாட்டேன் என்று நின்றாள். அவர் குச்சியை அவள் கையில் கொடுத்தார். ஓங்கி அடித்தாள். அடுத்த ஓட்டத்துக்கு நின்றிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தங்களுக்கும் தப்புதான் என்று நினைத்துப் பாதி மைதானம் ஓடிவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. சஞ்சனாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு கரகரவென்று வரும்; கடையில் ஆட்கள் இருக்கும்போது நான் அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன். அன்று பொத்தவில்லை. அன்று மாலைவரை எந்த ஓட்டத்துக்கும் யாரும் விசில் ஊதவில்லை. பிள்ளைகள் விடவில்லை, தப்புதான் வேண்டும் என்றார்கள். சாக்கு ஓட்டம், கரண்டியில் தேசிக்காயை (எலுமிச்சையை) ஏந்தி ஓடுவது, கயிறிழுத்தல் எல்லாவற்றிலும் என் மகள் இருந்தாள். சாக்கு ஓட்டத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அதையும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

போட்டி முடிந்ததும் மருதையிடம் போய், "கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"அத இன்னொரு நாள் பாப்போம் மொதலாளி" என்றார். தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் குழுவில், தப்பு மறுபடியும் வர வேண்டும், அவர்கள் மண்டபத்துக்குள் நிற்க வேண்டும் என்று நானே கேட்டேன். குழு சம்மதித்தது. இரண்டு குடும்பம் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. துரைராஜ் என் கடைக்கு வருவதில்லை. சிலர் என் முகத்துக்கு நேரே துப்புகிறார்கள். மருதை வீட்டுக்குக் குழுவோடு போய் அழைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்தத் தடவை அவர் மனைவி ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குடித்தேன்.

சஞ்சனாவுக்கு இன்னும் காது கேட்காது. அதற்காக அம்மனிடம் சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். இப்போது கிழமையில் இரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் ரேணுகா டீச்சர் பிள்ளைகளை ஓடப் பழக்குகிறார். தப்பு அடிப்பது சஞ்சனா. குச்சி மருதை கொடுத்தது.

என்னைப் போல வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாய் கசந்துபோனவர்கள் இதை வாசித்தால், அவர்களுக்குச் சொல்கிறேன். கேட்பதை நிறுத்தாதீர்கள். அழுது கேட்க முடியாவிட்டால் திட்டியாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு வெளியே வரும்போது, வழியில் எதிரே வருகிற ஆள் யாராக இருந்தாலும் கொஞ்சம் நின்று பாருங்கள். நான் நிற்கவில்லை. என் பிள்ளை ஓட்டோவிலிருந்து இறங்கி நின்றாள்.

தாயே, உனக்கு நன்றி.